சனிக்கிழமைக் கூலி

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அன்புராஜை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வாரக் கூலி போய், இனி மாதச் சம்பளம். ஆனாலும் வீட்டுக்கு வந்தவன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“இன்னாய்யா, பி.எஃப். புடிச்சா கையில கம்மியா வரும்னு பேஜாரா?” என்றாள் மனைவி பூமிகா.

“அது இல்ல. சனிக்கிழமை கையில துட்டு இருக்காதே.”

“தெரியும்யா! கூட்டாளிங்களோட குடிக்க முடியாதுன்னு தானே கவல?”

அன்புராஜ் தயங்கினான்.

“போன வருஷம் நீ ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்போ, வாராவாரம் ஓவர்டைம் துட்டுன்னு கொண்டாந்தேனே?”

“ஆமா, அதுல தானே மருந்து வாங்குனோம்.”

“அது ஓவர்டைம் இல்ல பூமிகா. சனிக்கிழமை கூலி வாங்குனதும் கம்பெனி வேன்ல ஒரு டிபன் டப்பா சுத்தி வரும். யார் ஊட்ல கஷ்டமோ அவங்களுக்காக எல்லாரும் போடுவாங்க. அப்போ நமக்குப் போட்டாங்க. இப்ப கூட வேல செய்ற ராஜமாணிக்கத்தோட பொண்ணுக்கு ஆபரேஷன். டப்பா வர்றப்போ நான் மட்டும் வெறுங்கையோட குந்திகினு இருக்கணுமா?”

பூமிகா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாசச் சம்பளத்த அப்படியே என் கையில குடுத்துடுய்யா. சனிக்கிழமையானா உனக்குக் கூலி நான் தரேன். டப்பா வந்தா, எனக்கும் சேத்துப் போடு.”