லாக்கரில் இரண்டு பாஸ்போர்ட்டுகள்

சஜீவனின் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது, வளைகுடா நாட்டில் அவன் வேலை பார்த்த தம்மாம் கிடங்கின் மேனேஜர் உமாபதி அவனுக்கு லீவு தரவில்லை. அவனுடைய பாஸ்போர்ட் அவருடைய லாக்கரில் இருந்தது. சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அடுத்த மூன்று நாளும் அவன் டியூட்டிக்கு வந்ததாக உமாபதியே கையெழுத்துப் போட்டிருந்தார். நான்காம் நாள் அவன் மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

“அம்மாவுக்குக் கொள்ளி நான்தான் வைச்சனான் சேர்.”

“கதை விடாதே. பாஸ்போர்ட் இல்லாம எப்படிப் போனே?”

“நீங்கள்தானே எடுத்துத் தந்தனீங்கள். கூடவும் வந்தனீங்கள்.”

உமாபதி லாக்கரைத் திறந்தார். சஜீவனின் பாஸ்போர்ட்டில் கொழும்பில் இறங்கிய முத்திரையும் அங்கிருந்து புறப்பட்ட முத்திரையும் இருந்தன. அதன் அடியில் கிடந்த தன் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் புரட்டினார்.

அதில் கொழும்பில் இறங்கிய முத்திரை மட்டுமே இருந்தது.