ஊதுபத்தி ஓட்டை

வீட்டில் வளர்த்த பதினோரு கடற்பவளங்களைப் பச்சைப்பாசி மூடிக் கொன்றுவிட்டது. உப்புநீர்க் கண்ணாடித் தொட்டியில் இனி உயிரோடிருப்பது கட்டைவிரல் நகமளவில் ஒன்றே ஒன்று. பல் துலக்கும் பிரஷால் பாசியைத் தேய்த்துத் தேய்த்துக் கோமதிநாயகத்தின் விரல்கள் உப்பில் வெந்துபோயிருந்தன. மூன்று நாள் வெளிச்சமே படாவிட்டால் பாசி செத்துவிடும், பவளம் தாங்கிக்கொள்ளும் என்று தொட்டி விற்ற கடைக்காரர் சொன்னார். சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டியைத் தொட்டி முழுக்கச் சுற்றினான்.

“இது ஒண்ணாவது நெலைக்கட்டும், பகவதி.”

“அப்ப தொறந்து தொறந்து பாக்காதீங்க,” என்றாள் மனைவி பகவதி.

அவன் திறக்கவில்லை. ஊதுபத்தி நெருப்பால் வேட்டியில் ஓர் ஓட்டை போட்டான். மூன்று நாளும் அதன் வழியே செல்போன் வெளிச்சத்தை அடித்து, பவளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான்காம் நாள் காலை வேட்டியை உருவினான். தொட்டியெங்கும் பாசி வெளுத்து, சாம்பல்போல் உதிர்ந்து கிடந்தது. அந்த ஒற்றைப் பவளத்தின் மேல் மட்டும் பச்சைப்பசேலென்று செழித்திருந்தது.

“நீங்க பாத்த எடத்துல மட்டுந்தாங்க இருக்கு,” என்றாள் பகவதி.

பதறிப்போய் வேட்டியை மறுபடி சுற்றினான். எப்படிச் சுற்றினாலும் ஓட்டை அவன் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.