பனிவெடிப்பு

மேலுதட்டு முடியை எடுக்க வாக்ஸ் உருகிக்கொண்டிருந்தது. "மொகத்துக்கு மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று பார்லர்க்காரம்மா கேட்டது கல்யாணப் பெண் கோகிலவாணியைத்தான். பதில் சொன்னது அம்மா. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எம்புள்ள காய்ச்சலுக்குக்கூட மாத்திரை முழுங்குனதில்லீங்க." பக்கத்து நாற்காலியில் நாத்தனாராகப் போகிறவள் உட்கார்ந்திருந்தாள், ஃபேஷியல் அவர்கள் வீட்டு ஏற்பாடு. பரு மாத்திரை அட்டை கோகிலவாணியின் கைப்பையில், பவுடர் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாக்ஸ் வைத்தால் முடியோடு தோலும் உரிந்து வரும் என்று டாக்டர் எச்சரித்தபோது, "சரிங்க சார்" என்று தலையாட்டியது இதே அம்மாதான். "மருந்து திங்கற புள்ளைன்னு பேராயிரும், வாயத் தொறந்துறாத" என்று பார்லர் படியேறும்போது சொன்னதும் அவளேதான். பருவை ஊரே பார்த்தாயிற்று; அதற்குத் தின்கிற மருந்தை மட்டும் ஒருத்தர் கண்ணிலும் காட்டக் கூடாதாம். கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பார்லர்க்காரம்மா மேலுதட்டை விரலால் தடவினாள். செதில் செதிலாகக் காய்ந்திருந்தது. எடுத்த வாக்ஸ் குச்சியைத் திரும்ப வைத்துவிட்டு, கண்ணாடிக்குள் அவள் கண்ணைப் பார்த்தாள். "நீ சொல்லு கண்ணு. நெசமாவே ஒண்ணும் சாப்பிடலயா?"

மூன்று பேரும் கண்ணாடிக்குள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி வாயைத் திறந்தாள். உதடு பிளந்து, குண்டுமணி அளவுக்கு ரத்தம் வந்து நின்றது.

"பனிக்கு வெடிச்சிருக்குதுங்க" என்றாள் அம்மா அவசரமாக.

வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது.