எட்டு செகண்டு

இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டிகளை ஆறு ஊர்களில் வாடகைக்கு விடும் நிறுவனம் அது. வரும் அழைப்புகளை இனி ஒரு ஏஐ ஏஜென்ட் எடுக்கட்டும் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். அதை அமைக்கும் பொறுப்பை ஏற்றிருந்த நவநீதன் மடிக்கணினியைத் திறந்து, திரையில் தயாராக இருந்த கட்டங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டினான். "லோ-கோட் சார். நாம புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம். ரெண்டே நாள்ல ரெடி."

பதினோரு வருடமாக அங்கே போன் எடுக்கும் பிலோமினா கேட்டாள். "கூப்பிடுறவங்க பேசலைன்னா?"

"எட்டு செகண்டு பார்க்கும். அப்புறம் நன்றி சொல்லி போனை வச்சிடும்."

"எட்டு பத்தாது தம்பி."

"இதுல மாத்த முடியாதுக்கா. நமக்குன்னு தனியா எழுதினா மாத்தலாம். ஆறு மாசம் ஆகும்."

"எழுதுங்க. அதுவரைக்கும் நான் எடுக்கிறேன்."

"வேலை போயிடும்னு பயமாம்மா?" என்றார் முதலாளி.

"எழுதி முடிச்ச அன்னைக்கே போயிடறேன் சார்."

அப்போது மேசையில் போன் அடித்தது. பிலோமினா ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க" என்றாள். மறுமுனையில் பேச்சில்லை. காட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த ஏஜென்ட்டும் அதைக் கேட்டு, திரையில் எண்ணத் தொடங்கியது. ஐந்து. ஆறு. ஏழில் நவநீதன் மடிக்கணினியைச் சத்தமில்லாமல் மூடினான். முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். வெகுநேரம் கழித்து மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ம்" என்றாள் பிலோமினா.