மஞ்சள் கடுதாசி

கோர்ட்டுக்கு எதிரே உள்ள டைப்பிங் கடையில், வெயிலுக்குக் கட்டிய பழைய ஃபிளெக்ஸ் வழியே மஞ்சள் வெளிச்சம் இறங்குகிறது. கீபோர்டில் கரிசல் புழுதி. தீப்பெட்டி செய்யும் தன் ஆபீஸை மூடிவிட்ட உமாதேவி, கையிலிருக்கும் காலித் தீப்பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறாள். கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டுக்குக் கொடுக்கும் மனு திரையில் பாதியில் நிற்கிறது. "வக்கீல் இல்லாம மஞ்சக் கடுதாசி கொடுக்காதம்மா. ஊரு சிரிக்கும்," என்கிறார் லிங்கராஜ், கடைக்காரர். "வக்கீலுக்குக் கொடுக்க ரூவா இருந்தா இங்கன ஏன் அண்ணாச்சி வாரேன்? ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போறவளப் பாத்துச் சிரிக்கட்டும். நான் இந்த ஊர்லதான் இருப்பேன். அடிங்க." தீப்பெட்டி படக்கென்று மூடிக்கொள்கிறது. கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறுகின்றன. மின்விசிறி முனகுகிறது. அவர் கை பிரிண்டருக்குப் போகிறது. "நில்லுங்க, ஒரு பேரு விட்டுப்போச்சு." "யாரு?" "நீங்கதான். போன தையில கைமாத்தா பத்தாயிரம் தந்தீங்கள்லா." அவர் கை கீபோர்டுக்குத் திரும்புகிறது. பிறகு மெதுவாகத் தன் பெயரைத் தானே அடிக்கிறார். வெளியே வரும் வெள்ளைத் தாள் அந்த வெளிச்சத்தில் மஞ்சளாகிறது. உமாதேவி டைப்பிங் கூலியை மேசைமேல் வைக்கிறாள். "எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி. இது கடன்ல சேராது."