முள் குசும்பா

“இன்னா சார் ஞாயம் இது? விதைய எடை போட்டா மட்டும் போதுமா? எண்ணெய் எவ்ளோ இறங்குச்சுனு சொல்லுங்க.”

வளர்மதி எழுந்து நின்று கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் இருந்த விதைக் கம்பெனி அதிகாரி ஜெரோம் மைக்கைக் கீழே இறக்கினார்.

பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் ஏறி, ஊரில் பாதி நிலம் உப்புப் பூத்துக் கிடந்தது. இரண்டாம் போகம் நெல் வருவதில்லை. உப்பைத் தாங்கும் எண்ணெய்ப் பயிர் என்று சொல்லி, கம்பெனிக்காரர்கள் இரண்டு பேருடைய வயலில் குசும்பா போட வைத்தார்கள். ஒன்றில் முள் உள்ள ரகம், இன்னொன்றில் முள்ளில்லாத ரகம். எது அதிக லாபம் தருகிறதோ அதையே ஊர் முழுக்கப் போடுவது, விதை உற்பத்தி செய்யும் வேலையை அந்த வயலுக்கே கொடுப்பது என்று பேச்சு. முள்ளில்லாததுதான் ஜெயித்தது என்று ஜெரோம் இப்போதுதான் அறிவித்திருந்தார்.

வளர்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு விதையையும் பொன்னேரியில் செக்கில் ஆட்டியபோது அவள் கூடவே நின்று பார்த்திருந்தாள். முள் ரகத்தில் விதை கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் எண்ணெய் அதிகம். கைக்கு மிஞ்சுவதும் அதில்தான் அதிகம். அதைச் சபையில் போட்டு உடைத்தாள்.

முள் செடியை அறுக்க ஆள் வராதே என்றார் ஜெரோம்.

“வரலதான். கோணியச் சுத்திக்கினு ஒண்டியா அறுத்த கை சார். புண்ணு இன்னும் ஆறல. அந்தக் கூலியையும் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். முள்ளில்லாத விதை உங்க குடோன்ல மூட்டை மூட்டையா தேங்கிப்போச்சு. அத எங்க தலையில கட்டப் பாக்குறீங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார்கள். முடிவை மாற்றிச் சொல்லும்வரை உட்காரப்போவதில்லை என்று அவள் கையை உதறிக்கொண்டாள்.

ஜெரோம் சலித்துப்போய் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுவந்தார்.

“ஏம்மா, முள்ளில்லாத ரகம் போட்டது உங்க வயல்லதானே? ஜெயிச்சதே நீங்கதான். உங்களுக்கு எதுக்கும்மா இவ்ளோ கோபம்?”

வரப்புத் தகராறில் வளர்மதியோடு வருஷக்கணக்காகப் பேச்சை முறித்துக்கொண்டிருந்த முனியம்மாள், கடைசி வரிசையில் இருந்து துணி சுற்றிய கைகளை ஊன்றி மெல்ல எழுந்து நின்றாள்.