வீட்டுத் தலைவியின் சம்மதம்

ஒரு கையெழுத்து. அதற்கு மேல் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஏன் பேனாவைத் தொட்டாலே கை சில்லிட்டுப் போகிறது என்று துவாங் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் யெஸ்பர் அவள் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. டென்மார்க்கில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, இங்கே உதோன் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தேக்குக் கதவு போட்ட வீடு கட்டி இருபது வருடமாகிறது. காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தானையும் அவள்தான் மாட்டிவிட்டாள்.

"குடுத்து வெச்சவடி நீ!" என்றாள், மாவட்ட அலுவலக வாசலில் நகல் எடுக்கும் பெண். "எங்க வீட்டு ஆளு தலைகீழா நின்னாலும் ஒரு தகரக் கொட்டகை போடமாட்டான். உனக்கு வெள்ளைக்காரர் மாளிகையே கட்டிக் குடுத்திருக்காரு. வயசு கொஞ்சம் கூடத்தான். அதனால என்ன, பல்லாவது சொந்தப் பல்லா?"

துவாங் சிரித்து வைத்தாள். குடியிருப்பவர்களின் பெயர்கள் எழுதிய, நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவேட்டை அந்தப் பெண் கண்ணாடிமேல் கவிழ்த்தபோது, முதல் பெயரின் மேல் குத்தியிருந்த சிவப்பு முத்திரை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. மை இன்னும் மங்கவில்லை.

நீலம் இந்த நாட்டுக்காரர்களுக்கு. வெளிநாட்டாருக்கு மஞ்சள் அட்டை. அதில் பெயர் ஏறிவிட்டால் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் விசா அலுவலகத்திலும் "எங்கே தங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நீட்ட யெஸ்பரிடம் ஒன்று இருக்கும். இரண்டு மாதமாக அந்தக் கேள்வியிலேயே அவர் இளைத்துப்போயிருந்தார்.

கூடத்து மர பெஞ்சு மாறவில்லை. ஒன்பது வயதில் இதே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பையில் கட்டிய சோயாப் பால், உறிஞ்சுகுழல், தரையைத் தொடாத கால்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்று சொன்னார்கள். முடிந்துவிட்டது.

"பயமா?" என்றார் யெஸ்பர். "வெறும் காகிதம்தானே. ஒண்ணும் மாறாது."

இருபது வருடமாகியும் அவருக்கு ஊர்ப்பேச்சு சரியாக வரவில்லை. அந்த வாக்கியத்தில் மட்டும் பிழையே வராது.

அவர்கள் எண் வந்தது. காக்கிச் சீருடை அணிந்த பதிவு அதிகாரி கட்டுக்கட்டாகக் காகிதங்களைப் புரட்டினாள்.

"அப்பா பேரு, அம்மா பேரு சொல்லுங்க தாத்தா. மெதுவா. உங்க ஊர்ப் பேரை நம்ம எழுத்துல எழுதறதுக்குள்ள எனக்கு விரல் சுளுக்கிக்கும்."

யெஸ்பர் சொன்னார். சாட்சிக்கு வந்த ஊர்த்தலைவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தார்.

"சொந்த ஊருக்குத் திரும்பிப் போற எண்ணம் இல்லையா?"

"அங்க யாரும் இல்ல. வீடு இல்ல. இங்கதான் சாவு" என்று சொல்லி யெஸ்பர் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது. துவாங் கைக்குட்டையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு. வீட்டுத் தலைவி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்ற அதிகாரி, நீலப் பதிவேட்டைத் திருப்பியவள் நின்றாள். "முதல் வரியில இருக்கறவங்க இறந்துட்டாங்க. ரெண்டாவது வரி நீங்க. ஒம்பது வயசுல பேரை எடுத்திருக்கு, போன மாசம்தான் மறுபடி சேத்திருக்கு. நடுவுல இருபது வருஷம் எங்கம்மா போனீங்க?"

"பெரியம்மா வீட்டுக்கு."

"ஏன்?"

"அப்பதான் இவரு எங்க வீட்டுக்கு வந்து, அதைப் புதுசாக் கட்டினாரு. பதிவேட்டுல என் பேரு இருந்தா நாளைக்கு நான் வீட்டுல பங்கு கேப்பேன்னு பீர் கடையில யாரோ சொன்னதை நம்பிட்டாரு. அம்மாவைக் கூட்டிட்டு வந்து இந்த மேசையிலதான் கையெழுத்துப் போட வெச்சாரு. பேரு எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர்லதானே பள்ளிக்கூடம்? பேரு முதல்ல போச்சு. பின்னாடியே நான் போனேன்."

அதிகாரியின் பேனா நின்றது. "அப்ப இவரு உங்க வீட்டுக்காரர் இல்லையா?"

"அம்மாவோட வீட்டுக்காரர். அம்மாவை எரிச்ச பிறகு இவரேதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. வீட்டுத் தலைவியா இந்த நாட்டு ஆளு ஒருத்தர் வேணுமாம்."

சோயாப் பாலின் பச்சை வாசனை எங்கிருந்தோ வந்தது. இந்தக் கணம்வரை தான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்பது துவாங்குக்கே வியப்பாக இருந்தது. கை இப்போது சில்லிடவில்லை.

"அதெல்லாம் படிவத்துல எழுத இடமில்லம்மா" என்றாள் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "இவர் பேரைச் சேக்கச் சம்மதமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

துவாங் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "இல்லைங்க."

அந்த ஒரு சொல் யெஸ்பருக்குப் புரிந்துவிட்டது. அவள் தோளில் கையை ஊன்றி அவள் பக்கம் திரும்பினார். "துவாங்... நான் எங்க போவேன்?"

அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்தாள். கழுத்துப் பொத்தானைச் சரிசெய்தாள். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவரை அழைத்திராத பெயரால் அழைத்தாள்.

"பயப்படாதீங்க அப்பா. வெறும் காகிதம்தானே."